தூண் நிழலில் யாருமில்லை

மார்ச் 3

மதிப்பிற்குரிய புகைப்படக்கார ஐயாவுக்கு,

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அல்லது நன்றாகவே தெரிந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கண்காட்சிக்கான அழைப்பு அட்டையை என் கணவர் போன வாரம் கொண்டுவந்தார். அலுவலகத்தில் யாரோ கொடுத்தார்களாம். சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது நம்ம வண்டிதானே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மேம்பாலத்துக்குக் கீழே எடுத்த படம். இரண்டு தூண்களுக்கு நடுவே பட்டையாக வெயில் விழுகிறது. அந்தப் பட்டையில் ஒரு குழந்தை வண்டி. சுற்றிலும் தார் ஊற்றியதுபோலக் கறுப்பு. கீழே "யாருமில்லை" என்று தலைப்பு. வண்டி எங்களுடையதுதான். முன் சக்கரம் உடைந்து வேறு நிறத்தில் ஒன்று மாட்டியிருக்கிறோம், அது வெள்ளையாகத் தெரிகிறது. தொங்குகிற கட்டம் போட்ட போர்வையின் ஓரத்தை நான் கையால் தைத்தேன். கோணலாக இருப்பதுகூடத் தெரிகிறது. போர்வைக்குள் என் மகள் இருக்கிறாள்.

நான் இல்லை.

அன்றைக்குத் தடுப்பூசிக்கு அவளை அழைத்துப் போனேன். என் கணவர் வெளியூர் வேலையாகப் போயிருந்ததால் தனியாகத்தான் போனேன். வழியில் மருத்துவமனைச் சீட்டைப் பையில் தேட அந்த இடத்தில் நின்றது ஞாபகம் இருக்கிறது. ஒரு கை கைப்பிடியில் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தூக்கமே சரியில்லை. பாலைச் சுடவைத்துவிட்டு மறந்துபோகிறேன். குழந்தை மூச்சு விடுகிறாளா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பார்த்தேனா இல்லையா என்று மறுபடி வைக்கிறேன். என் ஞாபகத்தை நானே முழுசாக நம்புவதில்லை என்றால் வீட்டில் யார் நம்புவார்கள்?

என் மாமியார் இந்த மாதக் கடைசியில் வருகிறார். குழந்தையைத் தம் ஊருக்குத் தூக்கிப்போய், எனக்கு "சரியாகும் வரை" வைத்துக்கொள்ளப் போவதாக ஏற்பாடு. தொட்டில்கூட வாங்கிவிட்டார்களாம். பாலூட்டுகிற பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க ஒரு காரணம் வேண்டுமல்லவா? அந்தக் காரணத்தைத்தான் நீங்கள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறீர்கள்.

என்னைப் பின்தொடர்ந்து வந்தீர்களா? யாராவது எடுக்கச் சொன்னார்களா? இரண்டும் இல்லையென்றால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நான் அங்கே நின்றேனா, இல்லையா?

தயவுசெய்து தொலைபேசியில் அழைக்காதீர்கள். என் கைபேசியை நான் மட்டும் பார்ப்பதில்லை. எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள சலவைக் கடை முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். அங்கிருக்கும் அக்கா துவைத்த துணிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
வண்டியில் இருக்கும் குழந்தையின் அம்மா


மார்ச் 7

அம்மணி,

நான் ஐயா இல்லை. மீசையும் இல்லை. கேமரா பிடித்தால் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று படித்தவர்களும் நினைக்கிறீர்கள். சரி, பழகிப்போன விஷயம்.

பகலில் கடையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படம் எடுக்கிறேன். கடை திறப்பதற்கு முன்னால் தெருவில் எடுக்கிறேன். யாரையும் பின்தொடர்வதில்லை, மூட்டுவலிக்காரி நான். வெளிச்சம் எங்கே விழும் என்று பார்த்து ஓர் இடத்தில் நிற்பேன். வருவது வரட்டும் என்று காத்திருப்பேன். அன்றைக்கு உங்கள் வண்டி வந்தது. வேறொரு நாள் நாய் வந்தது. நாய் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

உங்களைப் போல எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். "என் கடை வாசலை எடுத்தாய்", "என் மாமன் முகம் கோணலாக வந்திருக்கிறது" என்பார்கள். கடைசியில் படத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும் என்பதில் வந்து முடியும். கண்காட்சிக் கூடத்தில் இடம் கேட்டுக் கிடைக்காத வண்ணப்பட ஆசாமி ஒருவர் உண்டு. அவர் எழுதச் சொல்லி எழுதுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இல்லையென்றால் மன்னிக்கவும். சலவைக் கடை, துணிக்குள் கடிதம் என்பதெல்லாம் கொஞ்சம் நாடகமாகத் தெரிகிறது.

என்னுடைய கறுப்பைப் பற்றி ஏதோ குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என் வேலை. வெயிலுக்குத் தகுந்தபடி அளந்து எடுப்பேன், இருட்டறையில் மிகக் கடினமான காகிதத்தில் அச்சிடுவேன். சாம்பல் நிறமே இருக்கக் கூடாது. சுவரொட்டி, குப்பை, எச்சில் கறை எல்லாம் கறுப்பில் போய்விடும், ஒளி மட்டும் நிற்கும். நெகட்டிவை யாருக்கும் காட்டுவதில்லை. சமையல்காரர் உலையைத் திறந்து காட்டுவாரா?

உங்கள் கேள்விக்குப் பதில்: வண்டி அருகில் நான் யாரையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தத் தலைப்பை வைத்திருக்க மாட்டேன். பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு வராது.

ஸ்டுடியோக்காரி


மார்ச் 12

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சோப்பு வாசனையோடு வந்தது. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுப் படித்தேன். இதுவும் உங்களுக்கு நாடகமாகத் தெரியலாம். பரவாயில்லை.

"யாரையும் பார்க்கவில்லை" என்ற வரிக்குப் பிறகு இரண்டு நாள் நான் எதுவும் பேசவில்லை. என் கணவர் கவனித்தார். "ஒத்துக்கிட்டா மனசு லேசாயிடும்" என்று தலையைத் தடவினார். அந்தக் கை இதமாகத்தான் இருந்தது. ஒத்துக்கொண்டால்தான் என்ன என்றுகூடத் தோன்றியது. விட்டுவிட்டுப் போயிருப்பேன் போல, எங்கே போனேன், ஏன் போனேன் என்று நானே ஒரு கதை கட்ட ஆரம்பித்துவிட்டேன். கதை நன்றாகவே வந்தது. பயந்துபோய் நிறுத்தினேன்.

கல்லூரியில் வேதியியல் படித்தவள் நான். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு முடிவு சந்தேகமாக இருந்தால் அழுதுகொண்டு உட்கார மாட்டோம், மறுபடி செய்து பார்ப்போம். அதனால் அந்த இடத்துக்கே போனேன். ஆனால் நீங்கள் நின்ற எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் வண்டியை இந்தப் பக்கம் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என்மேல் என்ன குற்றம் சொல்கிறார்களோ அதையே செய்ய வேண்டும். மகளைச் சலவைக் கடை அக்காவிடம் கொடுத்துவிட்டு, துணி மூட்டை ஒன்றைப் போர்வையில் சுற்றித் தொப்பி மாட்டி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

வண்டியை அந்த வெயில் பட்டையில் நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்தேனோ இல்லையோ, பேருந்துக்கு நின்ற ஓர் அம்மா பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, பெத்த புள்ளையை நடுத்தெருவுல விட்டுட்டு எங்க போற?"

"புள்ள இல்லீங்க. அழுக்குத் துணி."

"கேட்டியாடி, பெத்த புள்ளையைப் போய் அழுக்குத் துணிங்கிறா" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

திரும்பிப் போய்த் தொப்பியைக் கழற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்தார்கள். கூட்டத்தில் எவராவது என் வீட்டுக்குத் தெரிந்தவராக இருப்பாரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் இதைத்தான் செய்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து நிழல் அவ்வளவு கறுப்பாக இல்லை. இடதுபுறத் தூணை ஒட்டி ஒரு பழக்காரர் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் தலையில் கட்டிய துண்டின் நிறம்கூட எனக்குத் தெரிந்தது. அவரிடம் போய்ப் பேசினேன். வருஷக்கணக்காக அதே இடத்தில்தான் உட்காருகிறாராம், காய்ச்சல் வந்தாலும் வருவாராம். என்னைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்றேன். "வாங்குறவங்க மூஞ்சிதான் நமக்கு ஞாபகம் இருக்கும். நீங்க இதுவரைக்கும் ஒரு பழம் வாங்கினதில்ல" என்றார். வெட்கமாகி வாங்கினேன். உங்கள் அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நான் எங்க?" என்றார். குரலில் மனத்தாங்கல்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். உங்கள் படத்தில் அவரும் இல்லை, கூடையும் இல்லை, பழமும் இல்லை. வியாபார நேரத்தில் அவரும் கூடையோடு ஓடிப்போய்விட்டாரா?

நெகட்டிவை எனக்குக் காட்ட வேண்டாம். நீங்களே ஒருமுறை பாருங்கள். நான் அங்கே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். குழந்தையின் துணிகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

குழந்தையின் அம்மா


மார்ச் 18

பெண்ணே,

மரியாதை குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நீ என்று எழுதத்தான் கை வருகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என் கறுப்புக்குப் பழக்காரரைச் சாட்சிக்கு இழுக்கிறாளே என்று. கடையில் ஒரு பையனுக்குப் படம் எடுத்துக்கொண்டே இதையே நினைத்து, அவனைக் கண் மூடிய நிலையில் நான்கு முறை எடுத்துவிட்டேன். பிறகு உள்ளே போய் நெகட்டிவை எடுத்தேன். இருட்டான பகுதிகள்தான் நெகட்டிவில் கண்ணாடிபோல வெறுமையாக இருக்கும். அங்கே வெறுமையாக இல்லை. புகை மாதிரி ஏதோ இருந்தது. சாம்பல் நிறங்களையும் காட்டுகிற மென்மையான காகிதமே என்னிடம் கிடையாது. முப்பது வருஷமாக எனக்கு அது கோழைகளின் காகிதம். இன்னொரு ஸ்டுடியோவில் கடன் வாங்கி வந்து அச்சிட்டேன்.

படம் கழுவும் மருந்துத் தட்டில் முதலில் வந்தது பழக்கூடை. அப்புறம் நீ.

நீ இருக்கிறாய். கழுத்து வரை மூடிய அடர்நிற உடை. வண்டியின் கைப்பிடி நிழலுக்குள் இருக்கிறது, உன் இடது கை அதன்மேல் இருக்கிறது. வலது கை தோள்பைக்குள். முகம் குனிந்திருக்கிறது, ஆனால் கை பிசகில்லாமல் தெரிகிறது. நான் அன்றைக்கு வெயிலை மட்டும் பார்த்திருக்கிறேன். பார்க்கவில்லை என்று சொன்னது பொய்யில்லை, இல்லை என்று சொன்னதுதான் பொய். படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

இத்தோடு முடித்திருக்கலாம். முடித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இன்னொருவரும் இருக்கிறார். உனக்குப் பின்னால், மூன்றாவது தூணின் மறைவில் ஓர் ஆண். தோளில் குறுக்காகப் போட்ட பை, அதில் பெரிய உலோகக் கொக்கி. கைபேசியை முகத்துக்கு நேராகத் தூக்கி உன் பக்கம் பிடித்திருக்கிறார். முகம் தெரியவில்லை.

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அழைப்பு அட்டையை அலுவலகத்தில் யாரோ கொடுத்ததாக உன் கணவர் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். அட்டைகளை நான் யாருக்கும் அனுப்பவில்லை, கூடத்தின் மேசையில்தான் வைத்தேன். கண்காட்சியின் இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். உன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். படம் பிடித்துப்போனவர்கள் விலை கேட்பார்கள். இவர் கறுப்பைப் பற்றிக் கேட்டார்.

"இந்த இருட்டுக்குள்ள ஆள் நின்னா தெரியுமா, மேடம்?"

"சாமியே நின்னாலும் தெரியாது, சார்" என்றேன், பெருமையாக.

"நல்லது" என்று சொல்லி ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு போனார். அந்த "நல்லது" எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் தோளிலும் அதுபோலவே ஒரு பை இருந்தது. அவர்தான் இவர் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒருமுறை அடித்துச் சொல்லி அடிபட்டுவிட்டேன்.

இரண்டு உறை வைத்திருக்கிறேன். முதலாவதில் நீயும் வண்டியும் மட்டும் தெரியும்படி வெட்டிய படம். உன் மகளை வைத்துக்கொள்ள அது போதும். இரண்டாவதில் முழுப் படம். அதைப் பிரிப்பதா, கிழிப்பதா என்பது உன் இஷ்டம். பிரித்துப் பார்த்த பிறகு பார்க்காதவளாக இருக்க முடியாது. அதை மட்டும் யோசித்துக்கொள்.

ஸ்டுடியோக்காரி


ஏப்ரல் 1

அக்கா,

அம்மா என்று எழுதிப் பார்த்தேன், தூரமாக இருந்தது.

உங்கள் பொட்டலம் வந்தபோது மாமியாரும் வந்துவிட்டிருந்தார். சலவைக் கடை அக்கா என் கையில் துணியைக் கொடுத்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அத்தை அதைப் பார்த்துவிட்டார். அத்தையின் கண்ணுக்கு எதுவும் தப்பாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வந்ததிலிருந்து பால் புட்டியை முகர்ந்து பார்ப்பதும், நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பதுமாக இருந்தார். குழந்தையின் பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது.

முதல் உறையை மட்டும் பிரித்து, சாப்பாட்டின்போது மேசையில் வைத்தேன். என் கணவர் எனக்கு அட்டையை வைத்த மாதிரியே வைத்தேன் என்று நினைக்கிறேன்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கை இருக்கே" என்றார்.

அவர் எட்டிப் பார்த்தார். "இருட்டுல யாரோ நிக்கிறாங்க. அது இவதான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

"இவ சட்டைதான்டா. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"சரி, இவளாவே இருக்கட்டும். இது கொஞ்ச நேரந்தான். அப்புறம் வண்டியிலேர்ந்து கையை எடுத்துட்டு ரெண்டு கையாலயும் பையைத் துழாவினா. ஒரு பார்வை புள்ள மேல இல்ல."

குழம்புக் கரண்டி அத்தை கையில் இருந்தது. அதை அப்படியே பாத்திரத்தில் வைத்தார்.

"நீ அன்னிக்கு ஊர்லயே இல்லன்ன."

அவர் என்னைப் பார்த்தார். அக்கா, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நிமிஷம்வரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தூண் மறைவில் நின்றவர் வேறு யாராவதாக இருப்பார், உங்கள் சந்தேகம் வீணாகும், நான் இரண்டாவது உறையைக் கிழித்துப்போட்டுவிடலாம் என்று. அத்தை கேட்டதற்கு அவர் பதில் சொல்லியிருந்தால் எந்தப் பொய்யையும் நம்பியிருப்பேன். அவர் தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது உறையை நான் பிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன். அத்தை பிரித்தார். பையின் கொக்கியின்மேல் விரலை வைத்தார்.

பிறகு அவர் நிறையப் பேசினார். என்மேல் சந்தேகம் இல்லையாம், பயமாம். நான் தூங்குவதில்லை, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயந்து சில வாரங்களாகவே பின்னால் வந்தாராம். கண்ணில் நீர் வந்தது, நடிப்பில்லை. தப்பாக ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. அப்போதுதான் கண்காட்சியில் உங்கள் படம் கிடைத்தது. "எல்லார் நல்லதுக்கும்தான்மா" என்றார்.

"பயந்தவன் கூடவே நடந்து போவான்டா, தூணுக்குப் பின்னாடி நிக்க மாட்டான்" என்றார் அத்தை.

மறுநாள் காலையில் குழந்தையின் பெட்டியைத் திறந்து துணிகளைக் கட்டில்மேல் கொட்டிவிட்டார். காலிப் பெட்டியில் மகனுடைய சட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். அவர் வாசலில் நின்றுகொண்டு, "என்னம்மா பண்ற?" என்றார்.

"ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்னு ஊர்ல சொல்லிட்டு வந்தேன். வெறுங்கையோட போக முடியாது. கிளம்பு."

"எனக்கு வேலை இருக்கு."

"வெளியூர் வேலைதான் உனக்குப் பழக்கமாச்சே. கிளம்பு."

போய்விட்டார்கள். போகும்போது அத்தை குழந்தையை முத்தமிட்டார். சமையலறையில் பார்த்தால் பால் புட்டிகளெல்லாம் மறுபடி கழுவிக் கவிழ்த்திருந்தன. அத்தை என் பக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவருக்குப் பொய் பிடிக்காது, அவ்வளவுதான் தெரியும்.

கைபேசியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஆனாலும் கடிதமாகத்தான் எழுதுகிறேன். தெருவில் இறங்கினால் தூண்கள், மரங்கள், நிற்கிற வாகனங்கள் எல்லாவற்றின் பின்னாலும் பார்க்கிறேன். மகள் நன்றாகத் தூங்குகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மூக்கில் விரல் வைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். முழுப் படத்தை அத்தை எடுத்துப் போய்விட்டார். கிழித்திருக்கலாம். பெற்ற மனசு, நான் குறை சொல்ல மாட்டேன். நெகட்டிவ் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். என் கணவர் திரும்பி வருவார். நன்றாகப் பேசுவார், கை இதமாகத்தான் இருக்கும். அவர் அங்கே நிற்கவே இல்லை, எல்லாம் தூக்கம் கெட்ட என் கற்பனை என்று சொல்வார். நான் நம்பிவிடக்கூடும், அக்கா. நேற்றுக்கூட, அவர் சட்டைகள் இல்லாத அலமாரியைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நம்பினேன்.

அப்படி நான் எழுதி, நெகட்டிவை அழித்துவிடச் சொல்லிக் கேட்டால், தயவுசெய்து என் பேச்சைக் கேட்காதீர்கள்.

குழந்தையின் அம்மா